பசுந்தேயிலையும் முத்துத்துறையும்

உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என உணவை நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். பருகுவனவற்றுள் இக்காலத்தே தலைமை பெற்றிருப்பது தேநீர் என்பதை மறுப்பார் இலர். தூத்துக்குடித் துறையிலே சுமை இறக்குவாரும், உப்பளத்தில் உழைப்பாரும், மாணவராகிய நாமும் நாள்தோறும் அதனைப் பருகுகின்றோம். ஆயினும் நாம் பருகுவது பாலும் சருக்கரையும் கூட்டிய கருந்தேயிலைச் சாறேயாம். தேயிலையின் தாயகமாகிய சீனத்திலே கையால் வறுத்துச் செய்யப்படும் பசுந்தேயிலையின் இயல்பையும், அதனைச் சுவைக்கும் முறையையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் பெயரை நோக்குவோம். சீனத்தின் பெரும்பகுதியில் இதற்குச் 'சா' என்பது பெயர்; பூக்கியன் கடற்கரையிலோ 'தே' என்பர். நம் முத்துக்கரைக்கு முதலில் வந்த போர்த்துக்கீசர் வழங்கியது 'சா' என்பது. 1658-இல் தூத்துக்குடியைக் கைக்கொண்ட ஒல்லாந்தர் வழங்கியது 'தே' என்பது. தமிழில் 'தே' என்பதே இலையோடு கூடித் தேயிலையாயிற்று.

கருந்தேயிலையும் பசுந்தேயிலையும் வெவ்வேறு செடியின் இலைகள் என ஐரோப்பியர் நெடுங்காலம் மயங்கினர். 1843-இல் சீனம் சென்ற ராபர்ட் பார்ச்சூன் என்னும் தாவர நூலார், இரண்டும் ஓரினச் செடியினின்றே வருதலை நேரிற் கண்டெழுதினார். வேற்றுமை செய்முறையிலேயே உள்ளது. இலையைக் கசக்கி வைத்தால் அதன் சாறு, நொதியின் தூண்டுதலால் உயிர்வளியோடு கூடிக் கருக்கும், அது கருந்தேயிலை. கசக்குமுன் சூடேற்றி அந்நொதியை அடக்கிவிட்டால் பசுமை நிலைபெறும், அது பசுந்தேயிலை.

ஆங்சோ நகரையடுத்த மலைகளில் விளையும் 'லுங்சிங்' இவ்வகையிற் பெயர் பெற்றது. ஏப்ரல் ஐந்தாம் நாளையொட்டி வரும் சிங்மிங் நாளுக்கு முன்னர்க் கொய்த தளிரே மிக உயர்ந்தது. தளிரை நிழலில் பரப்பிச் சற்றே வாடவிட்டு, சூடேறிய இரும்புச் சட்டியில் இட்டு, வெறுங்கையால் அள்ளி உதறியும், சட்டியோடு அழுத்தியும் வறுப்பர். இலை தட்டையாகி வழவழப்புறும். சூடு மிகின் தீயும். குறையின் பச்சை நாற்றம் நீங்காது. அளவை அறிவது வறுப்பவரின் உள்ளங்கையே.

இனி நீரைப் பற்றிக் கூறுவோம். எட்டாம் நூற்றாண்டில் தேயிலை நூல் இயற்றிய லூ யூ என்னும் சீனர், மலைநீர் தலை, ஆற்றுநீர் இடை, கிணற்றுநீர் கடை என வகுத்தார். உவர்நிலத்தாராகிய நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதன்று. உப்பும் சுண்ணமும் மிக்க கிணற்றுநீர் தேயிலையின் மணத்தை மழுக்கிவிடும். தாமிரபரணி நீரே இதற்கு ஏற்றது. கொதிநிலையையும் அவர் மூன்றாக்கினார்: மீன்கண் போற் குமிழி எழுவது முதனிலை, கலத்தின் ஓரத்தே முத்துக்கோவை போலக் குமிழி தொடர்வது இரண்டாம் நிலை, அலையெனப் புரள்வது மூன்றாம் நிலை. மீனும் முத்தும் அலையும் அறிந்த நம் கரையோர்க்கு இவற்றினும் எளிய உவமை வேண்டுமோ?

லூ யூ காலத்தில் அடையாகத் தட்டிய தேயிலையைப் பொடித்துக் கொதிநீரில் இட்டனர். 1391-இல் மிங் மரபின் முதற் பேரரசர் அடைத்தேயிலைத் திறையை நிறுத்திய பின்னர், இலையை ஊறவைக்கும் வழக்கம் ஓங்கிற்று. பசுமையான முழுஇலைக்கு மிகு சூடு ஆகாது. கொதித்த நீரை வேறு கலத்தில் ஊற்றி ஆறவிட்டு, 80 பாகை செண்டிகிரேடு அளவில், 3 கிராம் இலைக்கு 150 மில்லிலிட்டர் வார்த்து, இரண்டு நிமிடத்தில் வடித்துக்கொள்க. அதே இலைக்கு மீண்டும் இருமுறை நீர் வார்க்கலாம். துவர்ப்புப் பொருள்கள் மிகு சூட்டில் விரைந்து இறங்கும். இனிமை தரும் தியனின் மிதமான சூட்டிலேயே நன்கு கரையும். இதுவே காரணம்.

சுவைக்குங்கால் பாலும் சருக்கரையும் வேண்டா. முதலில் ஊறிய இலையை மோந்து பார்க்க. பின் சாற்றின் நிறத்தை நோக்குக. பின்னரே சிறிதளவு காற்றோடு உறிஞ்சி நாவெங்கும் பரப்புக. முன்னர் மெல்லிய துவர்ப்பும், நெல்லிக்கனி தின்று நீர் பருகினாற்போலப் பின்னர் இனிமையும் தோன்றும். முத்துக்குளித்தல் இங்கு 1961-ஓடு ஓய்ந்தது. அந்நாளில் வணிகர் பித்தளைச் சல்லடையில் அளவு பிரித்து, உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணிமுத்தைத் தேர்ந்தனர். அத்தகைய பொறுமை தேயிலை தேர்வார்க்கும் வேண்டும்.

இறுதியாக ஒன்று. 1867-இல் இலங்கையின் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்சு டெய்லர், தம் இல்லத்துத் தாழ்வாரத்தில் மேசைமேல் இலையைக் கையால் உருட்டுவித்தார். அத்தீவின் தோட்டங்களில் இலை கொய்த கைகள் பெரும்பாலும் தமிழர் கைகள். அவருட் பலர் இத்தூத்துக்குடித் துறையிலேயே கொழும்புக்குக் கப்பலேறினர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்தம் வழித்தோன்றல்கள் நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. திரும்பியோருட் பலர், அவர்தம் மறுவாழ்வுக்கென நீலகிரியில் அரசு அமைத்த தோட்டங்களில் மீண்டும் அதே இலையைக் கொய்தனர்.

சீனத்து வறுப்பவரின் உள்ளங்கையைக் கலை எனப் போற்றும் உலகம், நம்மவர் விரல்களைக் கூலிக் கணக்கில் மட்டுமே எழுதி வைத்தது. கொய்யும் கையின்றி வறுக்கும் கைக்கு வேலை ஏது? இதனை மறவாது, நாம் பருகும் ஒவ்வொரு கோப்பையையும் அவர் உழைப்பை எண்ணிப் பருகுவோமாக.