கடல்நீர் மீன்தொட்டியில் மிதக்கும் வெண்துகள்கள்

கடல்நீர் மீன்தொட்டியில் மிதக்கும் வெண்துகள்கள் என்பது வீட்டு உவர்நீர்த் தொட்டிகளில் அடிக்கடி காணப்படும் ஒரு குறைபாடு ஆகும். இது ஒரு தனி நோயன்று. காற்றுக்குமிழ், மணல்தூசி, சுண்ணாம்புப் படிவு, பாக்டீரியாப் பெருக்கம், சிற்றுயிர்கள் ஆகிய ஐந்தும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். ஒன்றுக்கான தீர்வு மற்றொன்றை மோசமாக்கக்கூடும் என்பதால், எதையும் நீரில் ஊற்றும் முன் துகள் எது என அறிவதே முதற்படி.

கண்டறியும் முறை

சுழற்சி மோட்டாரைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, இருட்டறையில் கைவிளக்கால் தொட்டியைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும்.

- மேலெழுந்து மறைந்தால்: காற்றுக்குமிழ். மோட்டாரின் உறிஞ்சுவாயருகே நீர்மட்டம் குறைந்திருக்கலாம், அல்லது குழாய் இணைப்பில் காற்று கசியலாம்.
- கீழே படிந்தால்: மணல்தூசி, உணவு எச்சம் அல்லது சுண்ணாம்புப் படிவு.
- விட்டுவிட்டுத் துள்ளி நகர்ந்தால்: கோப்பிபாடுகள் எனும் நுண்ணிய ஓட்டுடலிகள். இவை தீங்கற்றவை, பல மீன்களுக்கு உணவாகும்.
- படியாமல் பால்போல் கலங்கியே இருந்தால்: பெரும்பாலும் பாக்டீரியாப் பெருக்கம்.

படிந்த துகளைச் சிறு குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நன்னீரில் அலசி, அதன்மீது வினிகர் விட வேண்டும். நுரைத்தால் அது கால்சியம் கார்பனேட்டு. பவளமணலின் தூசியும் நுரைக்கும். மணலைக் கிளறிய பின் மட்டும் தோன்றினால் தூசி. மோட்டார், வெப்பமூட்டி ஆகியவற்றின் மேல் வெண்பொருக்காகவும் ஒட்டியிருந்தால் படிவு.

சுண்ணாம்புப் படிவு

இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றுள் கால்சியம் சுமார் 400 மில்லிகிராம், மக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராம். வெப்பமான கடல்களின் மேற்பரப்பு நீர், கால்சியம் கார்பனேட்டு கரையக்கூடிய அளவைத் தாண்டிச் செறிந்தே இருக்கிறது. மக்னீசியம் போன்றவை படிகம் வளர்வதைத் தடுப்பதால் அது எளிதில் பிரிவதில்லை. சுண்ணாம்புநீரையோ காரத்தன்மை கூட்டும் கரைசலையோ ஒரேயடியாக ஊற்றினால் இச்சமநிலை குலைந்து வெண்துகள் பிரியும். உப்புக்கலவையைத் தயாரிக்கும்போது உப்பின்மேல் நீரை ஊற்றினாலும் இவ்வாறு நேரலாம். நீரைச் சுழலவிட்டு உப்பைச் சிறிதுசிறிதாகச் சேர்ப்பதே சரியான முறை.

படிவு ஏற்பட்டபின் சோதித்தால் கால்சியமும் காரத்தன்மையும் குறைந்து தெரியும். குறைவை ஈடுசெய்ய மீண்டும் அதே கரைசலை ஊற்றினால் மீண்டும் படிவே உண்டாகும். ஆகவே சேர்ப்பதை உடனே நிறுத்தி, பத்து முதல் இருபது விழுக்காடு நீரை மாற்றி, மக்னீசிய அளவைச் சோதிக்க வேண்டும். மோட்டாரில் ஒட்டிய பொருக்கு வினிகரில் ஊறவைத்தால் கரையும்.

உள்நாட்டு ஊர்களில்

குன்றக்குடி, காரைக்குடி போன்ற செட்டிநாட்டு ஊர்கள் கடலோரத்தில் அமைந்தவையல்ல. கோடையில் வெயிலும் கடுமை. தொட்டியிலிருந்து ஆவியாவது நன்னீர் மட்டுமே; உப்பு தங்கிவிடும். குறைந்த நீருக்கு ஈடாகக் கடினத்தன்மை மிக்க ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிவந்தால், கால்சியமும் பைகார்பனேட்டும் நாள்தோறும் சேர்கின்றன. நீர் சூடாகும்போது கால்சியம் கார்பனேட்டின் கரைதிறனும் குறைவதால் படிவு எளிதாகிறது. ஆர்.ஓ. நீரைக் கொண்டு ஈடுசெய்து, ஒப்படர்த்தியை 1.025 அளவில் வைத்திருப்பது இதைத் தவிர்க்கும். சமையல் கல்லுப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு என்பதால் கடலுப்புக் கலவைக்கு மாற்றாகாது.

அருகிலுள்ள பாக்கு விரிகுடாக் கரையிலிருந்து கடல்நீர் கொண்டுவருவதானால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது கலங்கி, உப்பளவு குறைந்திருக்கக்கூடும். அதிலுள்ள மிதவையுயிர்கள் தொட்டியில் மடிந்து அழுகினால் அம்மோனியா உயரும். நீரை மூடிய கலத்தில் இருட்டில் சில நாள் தெளியவைத்து, வடிகட்டி, உப்பளவைச் சோதித்த பின்பே பயன்படுத்த வேண்டும்.

பாக்டீரியாப் பெருக்கம்

ஐந்து காரணங்களுள் மீன்களின் உயிருக்கு உடனடி ஆபத்தானது இதுவே. மிகுதியான தீனி, இறந்த மீன், சர்க்கரை அல்லது வினிகர் போன்ற கரிமப் பொருள்களைத் தொட்டியில் சேர்த்தல் ஆகியவை இதைத் தூண்டும். பெருகும் பாக்டீரியாக்கள் கரைந்த ஆக்சிசனை உறிஞ்சிவிடும். ஒரே வெப்பநிலையில் கடல்நீர், நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே ஆக்சிசனைத் தாங்கும். சூடு ஏறினால் இன்னும் குறையும். மின்வெட்டும் சேர்ந்தால் ஓரிரவில் மீன்கள் இறக்கலாம். மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்து மூச்சுவாங்கினால் முதலில் காற்றூட்ட வேண்டும். தீனியை நிறுத்தி, அழுகுபொருளை அகற்றி, நீரின் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். மின்கலக் காற்றூட்டி ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது நல்லது.

வெண்புள்ளி நோயுடன் குழப்பம்

மீனின் உடலில் உப்புத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் தெரிவது வேறு. அது கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் எனும் ஒட்டுண்ணியால் வரும் நோய். அதன் நீந்தும் பருவம் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. எனவே நீரில் துகள் தெரிகிறது என்பதற்காக மட்டும் செம்பு மருந்து ஊற்றக்கூடாது; செம்பு இறால், பவளம் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லும்.