எக்கோ படத்தில் குழந்தையின் இதயம்

கர்ப்ப காலத்தில் எடுத்த ஸ்கேனில் குறை எதுவும் இல்லை என்றிருக்க, பிறந்த குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று எவ்வாறு கூறுகிறார்கள்? பெற்றோர் பலருக்கும் எழும் நியாயமான ஐயம் இது.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறக்குறைய எட்டு முதல் பத்துக் குழந்தைகளுக்குப் பிறவி இதயக் குறைபாடு உள்ளது. 18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கப்படும் ஸ்கேன், ஓர் அறை வளராமை, பெருந்தமனிகள் இடம் மாறியிருத்தல் முதலிய பெருங்குறைகளைப் பெரும்பாலும் காட்டிவிடும், அதனைத் தவறவிடலாகாது. ஆனால் கருவில் நுரையீரலுக்கு வேலை இல்லாததால், இதயத்தின் மேலறைகளுக்கிடையே ஒரு வாயிலும், இரு பெருந்தமனிகளை இணைக்கும் ஒரு குழாயும் இயல்பாகவே திறந்திருக்கும். அவை மூடுமா, மூடாதா என்பது பிறந்த பின்னரே தெரியவரும். கீழறைகளுக்கிடையேயுள்ள சிறு துளைகளும் அச்சிற்றுருவில் புலப்படாமல் போகலாம்.

எக்ஸ்-ரே இதயத்தின் நிழலை மட்டுமே காட்டுகிறது. பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ 1888இல் விவரித்த நான்கு குறைகள் கூடிய நோயில், இதயத்தின் நிழல் முனை தூக்கிய காலணியைப் போலத் தோன்றக்கூடும். எனினும் அந்நோயுள்ள எல்லாக் குழந்தைகளிடமும் அது தெரிவதில்லை. மாறாக, கைக்குழந்தையின் மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியின் நிழல் சேர்ந்துவிட்டால், நலமான இதயமும் பெரிதாகத் தோன்றும். எக்ஸ்-ரே நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் எக்கோவைத் தள்ளிப்போடுவது தவறு.

எக்கோ ஒலியலைகளைக் கொண்டு எடுக்கப்படுவது. கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை. 1953இல் சுவீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவர் தொடங்கிவைத்த முறை இது. திரையில் தெரியும் சிவப்பு நல்ல இரத்தம், நீலம் கெட்ட இரத்தம் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கருவியை நோக்கி வரும் இரத்தம் சிவப்பாகவும், விலகிச் செல்வது நீலமாகவும் காட்டப்படுகிறது, அவ்வளவே. சுவரில் வண்ணம் குறுக்கே பாயும் இடமே ஓட்டை. அறிக்கையில் மில்லிமீட்டரில் குறிக்கப்படும் அளவோடு, எத்திசையில் இரத்தம் பாய்கிறது, நுரையீரல் தமனியில் அழுத்தம் எவ்வளவு என்பவற்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையை முடிவு செய்வதில் இம்மூன்றுக்கும் பங்கு உண்டு.

சிறு துளைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். பெரிய துளை அப்படியன்று. அதன் வழியே மிகுதியான இரத்தம் நுரையீரலுக்குப் பாய்ந்து, காலப்போக்கில் அங்குள்ள நாளங்களைத் தடிக்கச் செய்கிறது. அந்நிலை முற்றிவிட்டால் துளையை அடைக்கவே இயலாது. குழந்தை நீலம் பாயவில்லை, ஓடியாடுகிறது என்று காத்திருக்கும் ஆண்டுகளே பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கு உகந்த ஆண்டுகள்.

மலையில் வாழ்வோர் மேலும் ஒன்றை அறிந்திருத்தல் நலம். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. எனவே விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, நலமான குழந்தைக்கும் சமவெளியைவிடச் சற்றுக் குறைத்தே காட்டலாம். குளிரில் பச்சிளங்குழந்தையின் கைகால்கள் நீலநிறம் கொள்வதும் உண்டு. ஆனால் நாக்கும் உதடும் நீலமானால் குளிரின் மேல் பழி போடாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பால் குடிக்கையில் வியர்த்தல், இடையிடையே மூச்சு வாங்குதல், எடை ஏறாமை ஆகியவையும் எக்கோ தேவைப்படலாம் என்பதற்கான அறிகுறிகளே.

2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. இதயக் குறைபாடும் அப்பரிசோதனையில் அடங்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவை சிகிச்சைகள் பல இடம்பெற்றுள்ளன.

மதுரைக்கு அனுப்பப்படுவோர், பழைய எக்ஸ்-ரே, எக்கோ அறிக்கைகள் அனைத்தையும் தேதி வரிசையில் எடுத்துச் செல்லுங்கள். ஓட்டை சுருங்குகிறதா என்பதை ஒப்பிட்டுத்தான் அறிய முடியும். அழும் குழந்தைக்கு எக்கோ எடுப்பது கடினமாதலால் தூக்க மருந்து தரக்கூடும். எத்தனை மணி நேரத்துக்கு முன் பாலை நிறுத்த வேண்டும் என்பதை முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப மலையிலிருந்து புறப்படுங்கள்.