ஆயில் வடிக்கும் திருகில் மரை போனால்...

கரும்பு, வாழை, பருத்தி, மரவள்ளி போன்ற வரிசைப் பயிர்களில் களை எடுக்கவும் மண் அணைக்கவும் பவர் வீடர்கள் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றுள் பல, பெட்ரோலில் ஓடும் ஒற்றை சிலிண்டர் என்ஜினைக் கொண்டவை. இந்த என்ஜின்களில் அடிக்கடி ஏற்படும் ஒரு பழுது, பார்வைக்கு மிக அற்பமானது. அடியில் உள்ள ஆயில் வடிக்கும் திருகை முடுக்கும்போது அது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, 'மரை போய்விட்டது' என்பார்.

இதனை அலட்சியப்படுத்துவது பெருந்தவறு. இத்தகைய சிறிய என்ஜின்கள் பலவற்றில் ஆயில் பம்ப்பும் இல்லை, ஆயில் பில்டரும் இல்லை. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு அகப்பை போன்ற பகுதி, தேங்கியிருக்கும் ஆயிலை வாரி இறைத்தே எல்லா உறுப்புகளையும் நனைக்கிறது. மொத்த ஆயிலே பெரும்பாலும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்குச் சற்று மேல் வரைதான். வயலில் ஓடும்போது திருகு அதிர்ந்து விழுந்துவிட்டால், அந்த ஆயில் வடிய அதிக நேரம் ஆகாது. உழவு மண்ணில் சிந்துவதால் கண்ணுக்கும் தெரியாது. ஆயில் வற்றிய என்ஜினில் ராடு, கிராங்க்கைப் பிடித்துக்கொண்டு முறியும். முறிந்த ராடு என்ஜின் உடலையே உடைத்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. ஆயில் குறைந்தால் தானே நின்றுவிடும் அமைப்பு சில என்ஜின்களில் உள்ளது, எல்லாவற்றிலும் இல்லை.

மரை போவது ஏன்?

பழைய டீசல் பம்ப்செட்டுகளின் உடல் வார்ப்பிரும்பால் ஆனது. முரட்டுக் கையையும் தாங்கும். பவர் வீடர் என்ஜினின் உடலோ எடை குறைவுக்காக அலுமினியத்தில் வார்க்கப்பட்டது. திருகு எஃகு. இரண்டும் மோதினால் தோற்பது அலுமினியமே. ஒழுகிவிடுமோ என்ற அச்சத்தில் ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி முடுக்குவது முதற்காரணம். தேய்ந்த வாஷரை மாற்றாமல், கசிவை நிறுத்த மேலும் மேலும் இறுக்குவது அடுத்தது. திருகைக் கையால் தொடங்காமல், கோணலாக வைத்து ஸ்பானரால் அழுத்தித் திருப்புவதும் மரையை அறுத்துவிடும். இன்னொன்றும் உண்டு. மேலிருந்து குனிந்து பார்த்துக் கழற்றுபவர், அடியில் உள்ள திருகைத் திசை மாற்றி முடுக்கிவிடுகிறார். திருகின் தலையை நேருக்கு நேர் பார்த்து, இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் அது கழலும்.

எவ்வளவு இறுக்கலாம்? கைப்பிரதியில் அளவு தந்திருந்தால் அதன்படியே செய்க. 10 மி.மீ. திருகுக்குச் சுமார் 2 கிலோகிராம்-மீட்டர் போதுமானது. அதாவது திருகிலிருந்து 20 செ.மீ. தள்ளி, ஸ்பானரில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு விசை. ஒரு கையால், உடல் எடையைச் சாய்க்காமல் இழுத்தாலே இது கிடைத்துவிடும்.

முதலில் கண்டறிய வேண்டியது

போனது திருகின் மரையா, என்ஜின் உடலின் மரையா என்று பார்க்க வேண்டும். திருகைக் கழற்றித் துடைத்து, பள்ளங்களில் வெள்ளிக் கம்பி போன்ற அலுமினியச் சுருள்கள் ஒட்டியிருந்தால் பழுது உடலில் உள்ளது. திருகின் மரை மட்டும் மழுங்கியிருந்தால் புதுத் திருகு போட்டால் போதும். உடலில் வெளிப்பக்கத்து மரை மட்டும் அறுந்து, உட்புறம் நன்றாக இருப்பதும் உண்டு. அப்போது சற்று நீளமான திருகு பிடித்துக்கொள்ளும். ஆனால் அது உள்ளே நீட்டிக்கொண்டு, சுழலும் உறுப்பில் இடிக்கக் கூடாது. அதைப் போட்டபின் ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்து உறுதி செய்து கொள்ளவும்.

திருகு இன்னும் ஒழுகாமல் நின்று, இறுக்கும்போது மட்டும் வழுக்குவதாகத் தெரிந்தால், களை வேலை மும்முரமாக உள்ள நாட்களில் அதைத் தொடாமல் விடுவதே புத்திசாலித்தனம். ஆனால் வேலைக்கு இடையே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில என்ஜின்களில் இருபுறமும் வடி திருகு இருக்கும், மறுபுறத்தைப் பயன்படுத்தலாம். இல்லையேல் பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டர் பக்கம் மேலே இருக்குமாறு கருவியைச் சாய்த்து, ஆயில் ஊற்றும் வாய் வழியாகவே பழைய ஆயிலை எடுக்கலாம்.

நிலையான பழுதுபார்ப்பு

கிராமத்து லேத் பட்டறையில் எளிதில் முடிவது, துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவுத் திருகு போடுவது. 10 மி.மீ. திருகு இருந்த இடத்தை 10.5 மி.மீ. பிட்டால் துளைத்து, 1.5 மி.மீ. மரை இடைவெளியுள்ள 12 மி.மீ. டேப்பால் மரை வெட்ட வேண்டும். துளையைச் சுற்றியுள்ள அலுமினிய மேடு மிக மெல்லியதாகிவிடும் எனத் தோன்றினால் இதைச் செய்யக் கூடாது. அப்போது எஃகுக் கம்பிச் சுருளையோ, உள்ளும் புறமும் மரை வெட்டிய எஃகு புஷ்ஷையோ பொருத்தினால் பழைய அளவுத் திருகையே போடலாம். அலுமினியத்துக்குப் பதில் எஃகு மரை கிடைப்பதால் இதுவே அதிக உறுதி. இதற்கான டேப் தனி அளவுடையது. ஒரு துளைக்காகக் கருவிப் பெட்டியை வாங்குவதைவிட, அது உள்ள பட்டறையை நாடுவது சிக்கனம். சுருளின் முனையில் உள்ள சிறு நாக்கை ஒடித்த பின், அந்தத் துண்டை வெளியே எடுத்தார்களா என்று கேட்டுப் பார்க்கவும்.

எந்த முறையானாலும் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. துளை நேராக அமைய வேண்டும். சாய்ந்தால் திருகின் தலை ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து, எந்த வாஷர் போட்டாலும் கசியும். மற்றது, வெட்டும் தூள். பில்டர் இல்லாத என்ஜினில் உள்ளே விழும் தூள் நேரே கிராங்க்குக்குப் போகும். காந்தம் உதவாது, அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆகவே துளை கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கும்படி என்ஜினை வைத்து, டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, அரைச் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாக வெட்டி, இடையிடையே வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். முடிந்ததும் அரை லிட்டர் மலிவான ஆயிலை மேலிருந்து ஊற்றி, தெளிவாக வரும்வரை வடிய விட வேண்டும். துளையை மேல்நோக்கி வைத்து எந்திரத்தில் துளைத்தால், பக்க மூடியைக் கழற்றிக் கழுவாமல் என்ஜினை ஓட்டவே கூடாது.

சணலும் பெயின்ட்டும் சுற்றி அடைப்பது தண்ணீர்க் குழாய்க்குச் சரி; என்ஜினுக்கு அல்ல. டெப்லான் டேப்பின் நார் பிய்ந்து உள்ளே போகும். எபாக்சி பசையால் ஒட்டிவிட்டால் அடுத்த முறை திருகைக் கழற்ற வழியில்லை. ஆயில் ஊறிய அலுமினியத்தில் வெல்டிங் வைப்பது விரிசலை விலை கொடுத்து வாங்குவதாகும்.

செப்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது நல்லது. கிடைக்காதபோது பழையதையே சிவக்கும்வரை சுட்டு, தண்ணீரில் போட்டு எடுத்தால் மீண்டும் மிருதுவாகும்.

வேலை முடிந்து ஆயில் ஊற்றிய பின், அடியில் ஒரு காகிதத்தை விரித்து இரவு முழுதும் விட்டுப் பார்க்கவும். காகிதத்தில் ஆயில் கறை இல்லாவிடில் கால் மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, மீண்டும் பார்க்கவும். திருகின் தலைக்கும் உடலுக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு வைத்தால், திருகு தளர்ந்திருப்பது கோடு விலகியதிலிருந்தே தெரிந்துவிடும். துளையின் அளவை மாற்றியிருந்தால், புதிய திருகின் அளவையும் பக்கத்திலேயே எழுதி வைக்கவும். இல்லாவிட்டால் அடுத்த ஆயில் மாற்றத்தின்போது யாராவது பழைய அளவுத் திருகையே வாங்கி வருவார்கள்.