கிருமி மடிந்தால் போதுமா?

1952ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் பேர்-இங்வார் பிரோனமார்க், முயலின் கால் எலும்பினுள் இரத்த ஓட்டத்தை நோக்கும்பொருட்டுத் தைத்தேனியம் என்னும் உலோகத்தாலான சிறு குழலொன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்ததும், விலையுயர்ந்த அக்குழலை மீண்டும் பயன்படுத்த எண்ணிக் கழற்ற முனைந்தார். அதுவோ அசைய மறுத்தது. எலும்பு உலோகத்தோடு ஒட்டி வளர்ந்துவிட்டிருந்தது! இதன் வழியே 1965இல் மனிதரின் தாடையெலும்பில் உலோக வேர் ஊன்றிச் செயற்கைப் பல் பொருத்தும் வைத்தியம் பிறந்தது. மறுபடி பயன்படுத்தும் ஆசையில் தொடங்கிய இக்கதையில், இன்று அதே ஆசை ஒரு சிக்கலாக வந்து நிற்பது விந்தையே.

எலும்பினுள் ஊன்றப்பட்ட வேரை மறுமுறை பயன்படுத்தும் பேச்சுக்கே இடமில்லை. ஐயம் எழுவது அதன்மேல் பூட்டப்படும் சிறு மூடியைப் பற்றியது. பல்முடி பொருத்துவதற்கு முன், முரசு உரிய வடிவில் ஆறுவதற்காகச் சில வாரங்கள் இம்மூடி வாயில் இருக்கும். பின்னர் கழற்றப்படும். பார்வைக்குத் தேய்மானமில்லை, பழுதுமில்லை. "கழுவி, நீராவியில் வேகவைத்து, அடுத்தவருக்குப் பூட்டினால் என்ன?" என்று சிக்கனம் கேட்கிறது. உலகின் பல பாகங்களிலும் பல்வைத்தியர் சிலர் அவ்வாறே செய்கின்றனர்.

நீராவியின் வல்லமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. 1879இல் பாஸ்டரின் உதவியாளர் சம்பர்லாண்ட் உருவாக்கிய ஒட்டோகிளேவ் என்னும் அமுக்கக் கலனே இன்றும் வைத்தியசாலைகளின் காவலன். அமுக்கத்தின்கீழ் 134 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள நீராவி, வெந்நீருக்கு மசியாத பற்றீரிய வித்திகளையும் சில நிமிடங்களில் கொன்றுவிடும். ஆனால் கொல்வது வேறு, அகற்றுவது வேறு. அடிப்பிடித்த சட்டியை அடுப்பில் மேலும் காய்ச்சினால் கிருமி இராது, கறியும் போகாது. வாயிலிருந்து கழற்றிய மூடியிலும் இரத்தம், உமிழ்நீர், இழையத் துணுக்கு ஆகியவற்றின் புரதங்கள் ஒட்டியிருக்கும். முதலில் நன்கு கழுவாது சூடேற்றினால் அவை உறைந்து இறுகிப் போகும்.

இது வெறும் அச்சமன்று. 2016இல் வெளியான ஓர் ஆய்விற்காக, பல்வைத்திய நிலையங்களில் கழுவிக் கிருமியழிக்கப்பட்ட 100 மூடிகளுக்குப் புரதத்தைக் காட்டும் சாயம் ஏற்றிப் பார்த்தனர். 99 மூடிகளில் கறை தெரிந்தது. திருகாணியின் புரியிலும் திருப்புளி நுழையும் குழியிலும் தூரிகை எளிதில் எட்டாதன்றோ?

"குறடு, கத்திப்பிடி முதலியவற்றையும் திரும்பத் திரும்பத்தானே பயன்படுத்துகிறோம்?" என்பது வைத்தியர் தரப்பு நியாயம். நியாயமே, ஆனால் முழுமையன்று. குறடு தேய்த்துக் கழுவுவதற்கென்றே செய்யப்பட்டது. வாயில் நிமிடக்கணக்கில்தான் இருக்கும். மூடியோ ஆறிவரும் முரசைத் தழுவி வாரக்கணக்கில் இருப்பது. அங்கே அந்நியப் புரதம் எஞ்சியிருந்தால் அழற்சிக்கு வழிதிறக்கக்கூடும். நுண்தூள் வீசித் துலக்குதல், சோடியம் ஐப்போகுளோரைற்றில் ஊறவைத்தல் போன்ற முறைகள் எச்சத்தைக் குறைக்கின்றன. ஆயினும் சாதாரண நிலையமொன்றில் ஒவ்வொரு மூடியும் முற்றாகத் தூய்மையானதென்று யார் உறுதி கூறுவார்?

"ஒருமுறைக்கே" என்று எழுதுவதில் உற்பத்தியாளருக்கும் இலாபமுண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவ்வெழுத்தை மீறியவுடன் பொறுப்பு கைமாறுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2000ஆம் ஆண்டிலேயே, ஒருமுறைப் பொருளை மறுபயன்பாட்டுக்குத் தயாரிக்கும் நிறுவனமும் வைத்தியசாலையும் உற்பத்தியாளருக்குரிய கடமைகளை ஏற்க வேண்டுமென அறிவித்தது. என் மனத்தை உறுத்துவது இதைவிடச் சிறிய செய்தி: மூடி முன்பு வேறொருவர் வாயில் இருந்ததென்பது நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவதேயில்லை. புதியதற்கான விலையை அவர் கொடுத்திருக்கவும் கூடும்.

வைத்தியரிடம் வினவுவது அவமரியாதையன்று. "ஐயா, இது புதியதா? உறையைப் பார்க்கலாமா?" என்று கேட்கலாம். உறையில் வட்டத்தினுள் 2 என்னும் இலக்கம் குறுக்குக்கோட்டால் வெட்டப்பட்டிருந்தால், மறுமுறை பயன்படுத்தலாகாது என்பது பொருள். தொகுதி இலக்கம் அச்சிட்ட ஒட்டுச்சீட்டும் பெரும்பாலும் உடனிருக்கும். அதனை உங்கள் வைத்தியக் குறிப்பேட்டில் ஒட்டித் தரும்படி கேளுங்கள்.