இரத்தம் சிந்தாத காயங்கள்



திருப்பூர் என்றதும் பனியனும் பஞ்சுத் தூசியும் நம் நினைவுக்கு வரும். ஆனால் அதே மாவட்டத்தின் காங்கயம் வட்டாரம் இரத்தினக் கற்களுக்கும் பேர்போனது. படியூரில் கிடைத்த அக்வாமரின் என்னும் நீலப்பச்சைக் கல் பண்டைய ரோமாபுரி வரை சென்றதாக வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் நடத்தினார்.

இத்தொழிலில் கல் விழுந்து ஏற்படும் காயம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் உயிரைக் குடிப்பவை இரண்டு: தூசியும், குழிக்குள் இருக்கும் கெட்ட காற்றும்.

இரத்தினங்கள் பெரும்பாலும் வெங்கச்சங்கல்லோடு சேர்ந்தே கிடைக்கின்றன. அதை உடைக்கும்போதும் பட்டை தீட்டும்போதும் எழும் மிக நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடுகிறது. அங்கே சிறுகச் சிறுகத் தழும்பு உண்டாகி, மூச்சு குறைகிறது. இதுவே சிலிக்கோசிஸ். குஜராத்தில் கம்பாத் நகரின் அகேட் கல் தொழிலாளர்களிடையே இவ்வியாதி பெருமளவில் காணப்பட்டது. இதைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

பொதுவாக இது பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அதற்குள் அந்த மனிதர் குழி வேலையை விட்டுப் பனியன் கம்பெனிக்குப் போயிருக்கலாம். அப்போது இருமலுக்குப் பஞ்சுத் தூசியே காரணம் என்பார்கள். அல்லது காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பார்கள். சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் எளிதில் தொற்றுவதும் உண்மை. ஆகவே சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் தேவை. அவற்றோடு, "இதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்ற கேள்வியும் தேவை.

அடுத்தது குழி. இலங்கையின் இரத்தினபுரியில் குழிச் சுவர் சரியாதபடி மரச்சட்டம் அமைத்து, இடையில் இலைதழைகளை அடைப்பார்கள். நாமும் பின்பற்றத்தக்க வழக்கம் இது. தண்ணீர் இறைக்கும் இன்ஜினைக் குழிக்குள் இறக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை பிராணவாயுக் குறைவை மட்டுமே காட்டும். இந்த விஷவாயுவைக் காட்டாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்ற உடனே இறங்குகிறவரும் மாண்டுபோகிறார். இடுப்பில் கயிறு கட்டி இறங்கியிருந்தால் மேலிருந்தே தூக்கிவிடலாம்.

தடுக்கும் வழிகள் எளியவை:

• கல்லை எப்போதும் நனைத்தே அறுக்கவும், தீட்டவும் வேண்டும்.
• முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. என்95 முகமூடி வேண்டும்.
• பட்டறையை உலர்வாகப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.
• தூசி படிந்த உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தைகளைத் தூக்கக் கூடாது.
• தோண்டிய மண்ணைக் குழியின் ஓரத்தில் குவிக்கக் கூடாது.

சிலிக்கோசிஸ் சட்டப்படி ஒரு தொழில் வியாதி. அதற்கு இழப்பீடு உண்டு. ஆனால் உரிமம் இல்லாத குழியில் உழைத்தவரிடம் வேலை பார்த்ததற்கான சீட்டு எதுவும் இராது. மருத்துவர் கேட்டு எழுதிவைக்கும் தொழில் விவரமே சிலருக்கு ஒரே சாட்சியாக அமையும். எனவே உங்களுக்குத் தெரிந்த கல் தொழிலாளி எவரேனும் இருமலோடு மருத்துவமனைக்குப் புறப்பட்டால், தாம் செய்த பழைய வேலையை மறவாமல் மருத்துவரிடம் சொல்லும்படி கூறி அனுப்புங்கள்.