மூன்று அணுக்களின் மலைப்பாதை

அசைவற்றுக் கிடப்பது என்று இவ்வுலகில் ஒரு பொருளும் இல்லை. கண்டியரசின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த வாவி, காற்று ஓய்ந்த அதிகாலையில் கண்ணாடி போலக் கிடக்கின்றது. கரையிலுள்ள மரங்களின் நிழல் அதில் கலையாமல் விழுகின்றது. ஆயினும் அந்நீரின் ஒவ்வொரு மூலக்கூறினுள்ளும், ஒட்சிசன் அணுவோடு பிணைந்துள்ள ஐதரசன் அணுக்கள் வினாடிக்கு நூறு இலட்சம் கோடி தடவைக்கு மேல் முன்னும் பின்னும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. உறைந்து பனிக்கட்டியானாலும் அவ்வதிர்வு நிற்பதில்லை.

இந்த அதிர்வைக் கண்ணாற் காண்பதற்கில்லை. ஆனால் ஒளியின் வாயிலாக அறியலாம். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன் 1928 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 ஆம் நாள் கல்கத்தாவில் உறுதிப்படுத்திய உண்மை அதுவே. திரவத்தினூடே சென்று சிதறும் ஒளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகின்றது. அந்த மாற்றத்தின் அளவு, மூலக்கூறு எத்துணை வேகமாக அதிர்கின்றது என்பதைச் சொல்லிவிடுகின்றது. 1930 ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இராமனுக்கு இதற்காகவே கிடைத்தது.

அதிர்வை அளந்தாயிற்று. அடுத்து எழும் வினா இது: அதிர்வினால் ஆவது என்ன? ஒரு பிணைப்பு அளவு கடந்து நீண்டால் அறுந்துபோகும். ஒன்று அறுந்து மற்றொன்று சேர்வதையே நாம் இரசாயனத் தாக்கம் என்கின்றோம். அப்படியானால் அதிர்வே தாக்கத்தின் வித்து அன்றோ? இந்த வினாவுக்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்த ஒரு தமிழரைப்பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன். அவர் பெயர் நாராயணசாமி சத்தியமூர்த்தி.

1951 ஆம் ஆண்டிற் பிறந்த அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் கற்று, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் லயனல் ராஃபிடம் ஆராய்ச்சி செய்து 1975 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் கனடாவின் ரொறன்ரோ நகரில் ஜோன் பொலானியிடம் பயின்றார். 1978 இல் இந்தியா திரும்பிக் கான்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியரானார். 1990 இற் பட்நாகர் பரிசு பெற்றார். 2007 இல் மொகாலியில் நிறுவப்பெற்ற விஞ்ஞானக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநராகிப் பத்து ஆண்டுகள் அதனை வளர்த்தார்.

அவர் ஆராய்ந்த பொருளை விளக்க எனக்குக் கண்டி மலைகளைவிடச் சிறந்த துணை இல்லை. கொழும்பிலிருந்து பெருவீதி வழியே வருபவர் கடுகண்ணாவைக் கணவாயில் ஏறிக் கடந்தே கண்டியை அடைகின்றார். 1867 முதல் ஓடும் புகையிரதமும் அம்மலையில் வளைந்து வளைந்து ஏறியே வருகின்றது. இரசாயனத் தாக்கமும் இத்தகைய பயணமே. இப்புறத்துப் பள்ளத்தாக்கில் தாக்கத்திற்கு முன்னிருந்த பொருள்கள் இருக்கின்றன. அப்புறத்தில் புதிய பொருள்கள் பிறக்கின்றன. இடையே ஒரு கணவாய். உயர்தர வகுப்பு மாணவர் ‘ஏவற்சக்தி’ என்று படிப்பது அக்கணவாயின் உயரத்தையே.

இந்த மலைநாட்டுக்கு முதன்முதல் நிலப்படம் வரைந்தவர்கள் ஹென்றி ஐரிங்கும் மைக்கேல் பொலானியும் ஆவர். 1931 இல், பெர்லின் நகரில், ஓர் ஐதரசன் அணு ஐதரசன் மூலக்கூறோடு மோதும்போது சக்தி எங்கெங்கு உயர்கின்றது, எங்கெங்கு தாழ்கின்றது என்பதை அவர்கள் கணக்கிட்டனர். அப்படத்தில் உயரம் என்பது சக்தி. இடம் என்பது அணுக்களின் இடைத்தூரம். மைக்கேல் பொலானியின் மைந்தரே சத்தியமூர்த்தியின் ஆசிரியரான ஜோன் பொலானி. தாக்கத்தில் புதிதாய்ப் பிறந்த மூலக்கூறுகள் அதிர்ந்துகொண்டே வெளிவிடும் செங்கீழ் ஒளியை அளந்து, அவர் 1986 இல் ஹேர்ஷ்பாக், யுவான் லீ ஆகியோருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

படத்திலுள்ள இரண்டு பள்ளத்தாக்குகளும் நேர்கோட்டில் அமைந்தவை அல்ல. நடுவே ஒரு கூரிய வளைவு உண்டு. மகியங்கனைக்குப் போகும் வழியில், பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற இறக்கத்தைக் கண்டவர்களுக்கு வளைவின் தன்மையை விளக்கவேண்டியதில்லை. கணவாய் அந்த வளைவுக்கு முன்னர் இருந்தால், வேகமாக ஓடிவரும் பயணி அதனை எளிதிற் கடந்துவிடுவான். வளைவுக்குப் பின்னர் இருந்தாலோ, அவனது வேகமே அவனுக்குப் பகையாகின்றது. நேரே போய் எதிர்மலையின் சுவரில் மோதி, வந்த வழியே திரும்பிவிடுகின்றான். பள்ளத்தாக்கின் இரு மருங்கிலும் பக்கவாட்டாக ஊசலாடிக்கொண்டு மெல்ல வருபவனுக்கோ வழி திறக்கின்றது. ஏனெனில் அவன் ஊசலாடும் திசையே வளைவுக்குப் பின் வரும் பாதையின் திசை. ஓடிவரும் வேகம் என்பது மூலக்கூறுகள் மோதும் வேகம். ஊசலாட்டம் என்பது மூலக்கூறின் அதிர்வு. பொலானியின் பெயரால் வழங்கும் விதி இதுவே.

இந்த விதியைக் கடுமையாகச் சோதிப்பதற்கு ஏற்ற தாக்கம் ஒன்று உண்டு. ஓர் ஈலியம் அணு, இலத்திரன் ஒன்றை இழந்த ஐதரசன் மூலக்கூறோடு மோதி, அதிலிருந்து ஓர் ஐதரசனைப் பறித்துக்கொள்வதே அது. மூன்றே அணுக்கள், மூன்றே இலத்திரன்கள். ஆனால் மேட்டில் ஏறும் தாக்கம். ஏறத்தாழ 0.8 இலத்திரன் வோல்ற்று சக்தி கொடுத்தாலன்றி நிகழாது. அச்சக்தியை மோதும் வேகமாகக் கொடுப்பதைக்காட்டிலும் அதிர்வாகக் கொடுப்பதே பெரும்பயன் தரும் என்று 1960களின் இறுதியில் அமெரிக்காவில் சுப்காவும் அவருடைய துணைவர்களும் பரிசோதனையிற் கண்டனர். மூலக்கூறின் அதிர்வை மூன்றாம் படிக்கு உயர்த்தினால், மெல்ல மோதினாலும் தாக்கம் நிகழ்கின்றது.

ஏன் என்று சொல்வது கணக்கின் வேலை. அவ்வேலையைத்தான் சத்தியமூர்த்தி மேற்கொண்டார். மாணவப் பருவத்திலேயே ராஃபுடன் சேர்ந்து அவர் ஒரு நல்ல முறையை வகுத்திருந்தார். மலைநாட்டின் ஒவ்வொரு அடியையும் அளப்பது இயலாத காரியம். நில அளவையாளர் சில இடங்களில் உயரம் அளந்து, இடைப்பட்ட நிலத்தைச் சீரான கோடுகளால் நிரப்புவது போல, சில புள்ளிகளில் சக்தியைக் கணித்து அவற்றை வழுவழுப்பான வளைகோடுகளால் இணைத்து, அப்பரப்பின்மீது அணுக்களை உருட்டிவிட்டு அவை செல்லும் வழியைக் கணக்கிடுவது அம்முறை. 1975 இல் அது வெளியாயிற்று. கான்பூருக்கு வந்தபின், ஈலியத் தாக்கத்தின் நிலப்படத்தை 1980களில் மாணவருடன் மேலும் திருத்தி வரைந்தார். அணுக்களை உருளும் கோலிகளாகக் கொள்ளாமல், குவாண்டம் கொள்கைக்கு இயைய அலைத்திரள்களாகக் கொண்டும் ஆராய்ந்தார். கடுகண்ணாவையின் பழைய வீதி ஒரு பாறையைத் துளைத்துச் செல்வதை நாம் அறிவோம். இலேசான ஐதரசன் அணுவுக்கும் கணவாயில் ஏறாமலே மலையைத் துளைத்துச் செல்லும் வல்லமை சிறிது உண்டு. கோலிக் கணக்கில் அகப்படாத அவ்விந்தை அலைக் கணக்கில் அகப்படுகின்றது.

ஆண்டுக்கணக்கில் மூன்று அணுக்களா என்று கேட்பவர் இருக்கலாம். மருந்து உண்டா, உரம் உண்டா, தேயிலைக்குப் பயன் உண்டா என்றும் கேட்கலாம். கேள்வி தவறன்று; பிள்ளைகளைப் படிக்கவைக்க வருந்தி உழைக்கும் மக்களின் கேள்வி அது. அதற்கு என்னிடம் இரண்டு மறுமொழிகள் உண்டு.

முதலாவது மறுமொழி வானத்திலிருந்து வருகின்றது. ஈலியமும் ஐதரசனும் சேர்ந்த அந்த மூலக்கூற்றயனே பேரண்டத்தில் முதன்முதல் உருவான சேர்வை என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். 1925 இலேயே பரிசோதனைச்சாலையில் அதனைக் கண்டிருந்தும், விண்ணில் நெடுங்காலம் காணமுடியவில்லை. விமானத்தில் ஏற்றப்பட்ட தொலைநோக்கி ஒன்றின் மூலம், அன்னத் தாரகைக் கூட்டத்திலுள்ள ஒரு வாயுமுகிலில் அது கண்டறியப்பட்ட செய்தி 2019 இல் வெளியாயிற்று. ஆதிப் பேரண்டத்தில் அதனை ஐதரசன் அணு மோதி அழித்த வழி எதுவெனில், சத்தியமூர்த்தி ஆராய்ந்த தாக்கத்தின் மறுதலையே. ஒரு கணவாயின் படம் இரு திசைப் பயணிக்கும் உதவுமன்றோ?

இரண்டாவது மறுமொழி நம்முடைய வகுப்பறையைப்பற்றியது. நம் பிள்ளைகள் ஏவற்சக்தியைத் தாளில் ஒரு மேடாக வரைகின்றார்கள். மேடு உயர்ந்தால் தாக்கம் மெதுவாகும், சூடேற்றினால் விரைவாகும் என்று எழுதிப் புள்ளிகள் பெறுகின்றார்கள். அது பொய்யன்று; ஆனால் பாதியே உண்மை. மேடு எவ்வளவு உயரம் என்பதோடு, அது வளைவின் எப்பக்கத்தில் உள்ளது என்றும், சக்தி எந்த வடிவில் வந்தது என்றும் கேட்டாலன்றி இரசாயனம் விளங்காது. சூடேற்றுவது எல்லாக் கதவுகளையும் ஒருசேர இடிப்பதற்கு ஒப்பாகும். தக்க அதிர்வை எழுப்புவதோ உரிய பூட்டுக்கு உரிய திறப்பை இடுவதாகும். 1990 அளவில் அமெரிக்காவில் கிரிம் என்பவர் ஒளியைக்கொண்டு நீர் மூலக்கூறின் ஒரு குறித்த பிணைப்பை மட்டும் அதிரச்செய்து, அப்பிணைப்பையே அறுபடவைத்து இதனை மெய்ப்பித்தார்.

பேராதனையில் இரசாயனம் பயிலும் நம் மாணவர்களும், ஹந்தானைச் சாரலிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தை அண்ணாந்து பார்த்துச் செல்லும் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளும் இதனை எண்ணிப்பார்க்கவேண்டும். இத்துறைக்கு வேண்டிய முதல் கருவிகள் தாளும் பென்சிலும் கணிதமும். பிறகு ஒரு கணினி. அதற்கு மேல் வேண்டியது, சிறிய வினாவொன்றை விடாது பற்றிக்கொள்ளும் உள்ளம். நம் மாணவரிடம் ஊக்கம் குறைவு என்று பலரும் குறைகூறக் கேட்கின்றேன். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர்களிடம் சக்தி நிறைய உண்டு. அது நேரே ஓடி மலைச்சுவரில் மோதித் திரும்பாமல், வளைவில் திரும்பும் வழியை அவர்களுக்குக் காட்டும் ஆசிரியர்களே வேண்டும்.