மண் வேண்டாம்... மரமல்லிக் கொப்பு போதும்!

எங்கள் வெம்பக்கோட்டையில் மண்ணைத் தோண்டினால் அதிசயம் கிடைக்கும். 2022 மார்ச்சில் விஜயகரிசல்குளத்து மேட்டில் தொல்லியல்காரர்கள் குழி போட ஆரம்பித்தார்கள். சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை என்று வந்துகொண்டே இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, 'மண்ணே எனக்கு ஆகாது' என்று முரண்டு பிடிக்கும் செடியை வளர்க்கக் கிளம்பினேன் நான். ஆர்க்கிட்!

திருவனந்தபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவன், மொய் எழுதிய கையோடு ஊதாப் பூ பூத்த டென்ட்ரோபியம் ஒன்றை வாங்கி வந்தேன். தொட்டிக்குள் பார்த்தால் மண்ணே இல்லை. வெறும் கரித்துண்டும் ஓட்டுச் சில்லும்தான். எனக்குள் இருந்த சம்சாரி விழித்துக்கொண்டான். 'நல்லா ஏமாத்திட்டானய்யா!' என்று கரியைக் கொட்டிவிட்டு, அருமையான கரிசல் மண்ணும் மக்கிய சாணமும் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். இருபதே நாள். வேரெல்லாம் கொழகொழவென்று அழுகி, செடி சாய்ந்துவிட்டது.

"ஏய்யா, அது மரத்துல தொத்திக்கிட்டுக் காத்துக் குடிக்கிற சாதியாம்லா. அதைக் கொண்டுபோய் மண்ணுல பொதைச்சா மூச்சு முட்டிச் சாகாம என்ன செய்யும்?" என்றார் என் அத்தை. டி.வி.யில் பார்த்தாராம். முந்தியே சொல்லியிருக்கலாம்.

மரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பதால் இதைப் புல்லுருவி என்று நினைப்பவர்கள் நிறைய. பாவம், பழி! புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாறு உறிஞ்சும். ஆர்க்கிட் அப்படி இல்லை. உட்கார இடம் மட்டும் கேட்கும் ஒழுங்கான குடித்தனக்காரர். அதன் வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கிறது. செத்த செல்களால் ஆனது. மழை பெய்தால் சட்டென்று நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு காற்றுப் பட்டு உலர வேண்டும். எப்போதும் ஈரமாகவே இருந்தால் போச்சு.

அதனால்தான் வெளிநாடுகளில் கார்க் பட்டையில் இதைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பாட்டில் மூடும் தக்கை இருக்கிறதே, அதே கார்க். அது ஓக் மரத்தில் ஒரு வகையின் பட்டை. உலகத்துக் கார்க்கில் பாதியளவு போர்ச்சுகல் தேசத்திலிருந்து வருகிறது. மரத்துக்கு ஏறக்குறைய 25 வயசாகும்போது முதல் தடவை உரிப்பார்கள். மரம் சாகாது, மறுபடி பட்டை கட்டும். அப்புறம் ஒன்பது வருஷத்துக்கு ஒரு உரி. முதல் உரிப்பில் வருவது கரடுமுரடாக இருக்கும், பாட்டிலுக்கு ஆகாது. ஆர்க்கிட் வேருக்கு அந்தக் கரடுமுரடுதான் வேண்டும். எளிதில் மக்கவும் மக்காது.

சாத்தூர், சிவகாசி முழுக்க விசாரித்தேன். "கார்க் பந்து வேணும்னா இருக்குண்ணே" என்றார்கள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது மரமல்லி. ராத்திரி வெள்ளை வெள்ளையாகப் பூ உதிர்த்து, விடிகாலையில் தெருவையே மணக்க வைக்குமே, அதுதான். இங்கிலீஷ்காரன் அதற்கு வைத்த பெயரே 'இந்தியக் கார்க் மரம்'! பட்டை தக்கை போலவே பிளவு பிளவாக இருக்கும். அசல் கார்க்குக்குப் பதிலாக, இரண்டாந்தரமாக, அதைப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். காற்றடித்தால் கொப்பு ஒடியும் மரம் வேறு. ஆடிக்காற்றில் ஒடிந்து விழுந்த கொப்பைத் தூக்கி வந்து, முழங்கை நீளத்துக்கு அறுத்து, இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டேன். பச்சை மரத்தில் பட்டையை உரிக்காதீர்கள். அது போர்ச்சுகல் மரமில்லை.

இப்போது கட்ட வேண்டும். இங்கேதான் அத்தை வந்தார்.

அத்தை இருபது வருஷத்துக்கு மேல் பட்டாசு ஆபீஸில் சரம் பின்னியவர். விரல் ஓடுவது கண்ணுக்கே தெரியாது. 2018 அக்டோபரில் சரவெடி கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதோடு அந்த வேலை நின்றது. வேறு பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். "இனிமே புதுசாப் படிக்கவா?" என்று வீட்டில் இருந்துவிட்டார். டி.வி. பார்க்கும்போதுகூடச் சேலைத் தலைப்பை விரல்கள் பின்னிக்கொண்டே இருக்கும். கேட்டால், "சும்மா கெடக்க மாட்டேங்குது" என்பார்.

முதலில் நானேதான் கட்டினேன். தீபாவளிக்கு எரித்த கம்பி மத்தாப்புக் கம்பிகள் கிடந்தன. காசு மிச்சம் என்று அதை வைத்து இறுக்கினேன். அந்தக் கம்பிகளில் செம்பு முலாம் பூசியதும் உண்டு என்பதோ, ஆர்க்கிட்டுக்குச் செம்பு விஷம் என்பதோ எனக்குத் தெரியாது. கம்பி பட்ட இடத்தில் வேர் கறுத்தது.

அத்தை பார்த்தார். கம்பியை அவிழ்த்து எறிந்தார். வெடிக்குச் சுற்றுகிற சணல் நூலை எடுத்தார். நார் நாராகப் பிரித்து அலசிய தேங்காய்ப் பஞ்சைக் கொஞ்சமாக வைத்து, வேர்களைப் பட்டையின் பிளவோடு படியவிட்டு, சுற்றிச் சுற்றி ஒரு முடிச்சு. செடியைப் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. ஆனால் நூலுக்கு அடியில் நகம் நுழைகிறது!

"ரொம்ப இறுக்குனா வேரு நசுங்கும். லூசா விட்டா ஆடும். சரமும் இப்படித்தான்" என்றார். செடி ஆடினால் புதிதாக வரும் வேர் நுனி பட்டையில் உரசித் தேய்ந்துபோகும். கட்டுவதில் இருக்கிற சூட்சுமமே இதுதான். பச்சை நுனியோடு புது வேர் எட்டிப் பார்க்கிற சமயத்தில் கட்டினால் சீக்கிரம் பிடிக்கும்.

எங்கள் வெயிலுக்கு எது தாங்கும்? வாண்டா டெஸ்ஸலேட்டா. நம்முடைய சமவெளியிலேயே மரங்களில் இயற்கையாக வளர்வது. பழுப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட லுங்கி மாதிரி இதழ், நடுவே ஊதா நாக்கு, வாசனை வேறு. இலைத் துளைகளை ராத்திரியில்தான் திறக்கும். பகல் வெயிலில் நீரை இழக்காது. கஞ்சன் என்றாலும் கெட்டிக்காரன்.

இதில் நான் செய்த ஒரு பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். மேற்கே மலைப் பக்கமிருந்து ஒருவர் சாக்கில் செடி கொண்டுவந்தார். மலிவு. ஒன்று வாங்கினேன். மரத்திலிருந்து பிய்த்ததில் வேர் பாதி அங்கேயே நின்றுவிட்டது; இரண்டே மாதத்தில் காய்ந்தது. அப்புறம்தான் படித்தேன். ஆர்க்கிட் காய் ஒன்றில் விதை லட்சக்கணக்கில் இருந்தாலும் தூசி மாதிரி. உள்ளே சாப்பாடே கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். முளைத்துப் பூக்க வருஷக்கணக்காகும். நான் வாங்கியது அத்தனை வருஷத்தை! ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே செடி பிடுங்குவது சட்டப்படியும் குற்றம்.

பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை கலந்த சத்துக் கூழில் விதையை முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவில் நட்சன் என்பவர் காட்டியது 1922-ல். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறிய அதே வருஷம்! இன்று நர்சரிகளில் ஆய்வுக்கூடத்துச் செடிகளே கிடைக்கின்றன. காட்டுக்கு ஏன் போக வேண்டும்?

தண்ணீர்தான் பெரிய தலைவலி. பட்டையில் கட்டியது சீக்கிரம் காயும். எங்கள் கோடையில் காலையில் ஒரு தடவை, வெயில் சாயும்போது ஒரு தடவை தெளிக்க வேண்டும். வேர் வெள்ளையாக இருந்தால் தாகம், பச்சையானால் போதும். போர் தண்ணீர் உப்பு, வேரில் வெள்ளையாகப் படியும். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் விழுகிற மழையை டிரம்மில் பிடித்து வைக்கிறேன். குடிக்கிற தண்ணீருக்கே அலைகிற ஊர் இது. செடிக்கு டிரம்மா என்று வீட்டில் ஒருநாள் பூகம்பம். நியாயம்தான். நாலு கொப்புக்கு மேல் கட்டுவதில்லை என்று சமாதானம் ஆயிற்று. வேப்பமரத்து நிழலே போதும். உரம், லிட்டருக்கு அரை கிராமுக்கும் கீழே, வாரம் ஒரு தடவை.

போன மாதம் அத்தை வாசலிலிருந்து கூப்பிட்டார். "ஏய்யா, இங்க வா. சணல் இத்துப்போச்சு."

பதறி ஓடினேன். முடிச்சு மக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதை உருவி எறிந்துவிட்டுச் செடியைப் பிடித்து மெல்ல இழுத்தார். கொப்போடு சேர்ந்து வந்தது. வெள்ளை வேர் நாலு, பட்டையின் பிளவுக்குள் புகுந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"பிடிச்சிருச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நாலு கொப்புன்னுதான பேச்சு? மூணுதான தொங்குது... இன்னொண்ணு எங்க?"